கைத்துப்பாக்கியால் காட்டுப்பன்றி வேட்டை: டெக்சாஸில் முதல்முறை போகிறவருக்கு

உங்கள் கேள்வியின் சாரம் இது: வேலை விசாவில் ஆஸ்டினுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உடன் பணிபுரிபவரின் குடும்பத்துக்கு சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ஒரு பண்ணை இருக்கிறது. மக்காச்சோளத்தை நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளைச் சுட உங்களையும் வரச்சொல்கிறார். ரைஃபிள் பழக்கமில்லை, சுடுதளத்தில் 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் ஓரளவு பழகியிருக்கிறீர்கள். அதையே கொண்டுபோகலாமா?

கைத்துப்பாக்கியால் காட்டுப்பன்றியை ஒரே குண்டில் வீழ்த்தலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அப்படித்தான் வேட்டையாடுகிறேன். ஆனால் அந்த 9 மி.மீ. வேண்டாம். முதல் பயணத்திலேயே சுட்டாக வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன், துப்பாக்கியைவிட அவசரமான ஒரு காகிதம் இருக்கிறது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். எச்1பி, எல்1, எஃப்1 எல்லாம் இதில் அடங்கும். சில விதிவிலக்குகள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 2019 செப்டம்பர் 1 முதல், டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு காட்டுப்பன்றியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை. உங்கள் நண்பர் அதைத்தான் சொல்லியிருப்பார். குடிமகனான அவருக்கு அது முழு உண்மை. உங்களுக்குப் பாதி உண்மை. பன்றிக்கு உரிமம் வேண்டாம், ஆனால் துப்பாக்கியைக் கையில் எடுக்க உங்களுக்கு உரிமம் வேண்டும். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைப் பிடித்தாலும் இதே சட்டம்தான். நம்மவர்கள் பலர் இது தெரியாமலேயே வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய்வருகிறார்கள். விபரீதம் ஏற்பட்டால் விசாவே போய்விடும். ஆகவே முதல் வேலையாக உரிமம் எடுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் இணையத்திலேயே முடிக்கலாம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வதும் நல்லது. இந்த அனுமதியெல்லாம் டெக்சாஸுக்குத்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியையும் காக்கிறது.

இனி பன்றியைப் பற்றி. டெக்சாஸ் காட்டுப்பன்றி அந்த மண்ணின் விலங்கல்ல. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகள், பின்னர் குடியேறியவர்கள் மேயவிட்டுத் தொலைத்தவை, 1930களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் எல்லாம் கலந்த இனம் அது. ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். தீவனம் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூடப் போடும். விதைத்த மறுநாளே சால் பிடித்து வரிசையாக மூக்கால் கிளறி, மக்காச்சோள விதையை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுப் போகும். டிராக்டர் ஓட்டியதுபோல உழுது கிடக்கும் மேய்ச்சல் நிலத்தைக் காலையில் பார்த்து நின்ற ஒரு விவசாயியின் முகத்தைப் பார்த்த பிறகுதான், இந்த ஊரில் இவ்விலங்கின் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்குப் புரிந்தது.

ஒன்றை மட்டும் கண்ணில் பதியவைத்துக்கொள்ளுங்கள். தெற்கு டெக்சாஸில் ஹாவலீனா என்றொரு விலங்கு உண்டு. பார்வைக்குச் சிறிய பன்றி போலவே இருக்கும். சாம்பல் கலந்த கருமை, கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை, வெளியே தெரியும் வால் கிடையாது. அது அந்த மண்ணின் விலங்கு. அதற்கு உரிமம் வேண்டும், எண்ணிக்கை வரம்பும் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் சந்தேகம் வந்தால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

பன்றியின் உடம்பு மானைப் போன்றதல்ல என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேட்டை கற்றதுபோல. மான் சுட்டுப் பழகியவர்கள் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடுவில் குறி வைப்பார்கள். பன்றியில் அங்கே சுட்டால் குண்டு ஈரலிலோ குடலிலோ போய்ச் சேரும். பன்றியின் இதயமும் நுரையீரலும் முன்னே தள்ளி, தாழ்வாக, ஏறக்குறைய முன்னங்கால்களுக்கு இடையே இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு முன்னங்காலின் கோட்டிலேயே மேலே போய், வயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிரைக் கணக்கில் எடுத்தால் உடம்பு இருப்பதைவிட உயரமாகத் தெரியும். அதில் ஏமாந்து மேலே சுடுகிறவர்கள் நிறையப் பேர்.

வளர்ந்த ஆண்பன்றிக்கு இன்னொரு காப்பும் உண்டு. இணைக்காக ஒன்றையொன்று கோரைப்பல்லால் கிழித்துக்கொண்டு வளர்பவை அவை. தோள்பட்டையின் மேல் தோலுக்கும் தசைக்கும் இடையே கெட்டியான ஒரு பலகை உருவாகிவிடும். நான் அறுத்த ஒரு கிழட்டுப் பன்றியில் அது இரண்டு விரற்கடைத் தடிமன் இருந்தது. கத்தி வழுக்கியது; பழைய லாரி டயரின் ரப்பரை அறுப்பதுபோல இருந்தது. அதற்குள் முன்பு யாரோ சுட்ட சிறு குண்டு ஒன்று தட்டையாகி, தசை மூடி, பொத்தான்போல உட்கார்ந்திருந்தது. பன்றி அதைச் சுமந்துகொண்டே மாதக்கணக்கில் நடமாடியிருக்கிறது.

9 மி.மீ. வேண்டாம் என்று சொல்வதன் காரணம் அந்தப் பொத்தான்தான். மனிதத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்வதற்காகச் செய்யப்படும் 9 மி.மீ. குண்டுகள் உடம்புக்குள் நுழைந்ததும் பூப்போல விரிந்து, ஆழம் போகாமல் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. வீட்டுக்குள் சுடும்போது அது நல்ல குணம். பன்றியின் தோளில் கெட்ட குணம். ஆற்றலும் சுமார் 350 அடி-பவுண்டுதான். பன்றிக்குத் தேவை விரிவைவிட ஆழம்: ஒரு பக்கம் நுழைந்து எலும்பை உடைத்து மறுபக்கம் வெளியேறும் குண்டு. இரண்டு துளை இருந்தால்தான் தரையில் ரத்தம் விழும். ரத்தம் விழுந்தால்தான் புதரில் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

தொடக்கத்தில் உள்ளவருக்கு நான் சொல்வது .357 மேக்னம் ரிவால்வர், 6 அங்குலக் குழல், 158 கிரெய்ன் அல்லது அதற்கு மேலான எடையில் தட்டை மூக்குள்ள கடின ஈயக் குண்டு. இது 1935இல் வந்த தோட்டா. 500 அடி-பவுண்டைத் தாண்டும். பன்றிக்கு இதுவே கீழ் எல்லை என்பது என் கணிப்பு. இதற்குமேல் .44 மேக்னம். ஐடஹோ மாட்டுப்பண்ணைக்காரரும் துப்பாக்கி எழுத்தாளருமான எல்மர் கீத், .44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிப் பல ஆண்டுகள் சோதித்ததன் விளைவாக, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து 1955 இறுதியில் கொண்டுவந்தது. 240 கிரெய்ன் குண்டு, 900 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல். என் கையில் இருப்பது இதுதான். தானியங்கி வகையே வேண்டுமென்றால் 10 மி.மீ. ஆட்டோ, 1983இல் வந்தது, 200 கிரெய்ன் கடினக் குண்டு போட்டால் பன்றிக்கு நன்றாகவே போதும். .454 கசல், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று இன்னும் பெரியவை உண்டு. முதல் துப்பாக்கியாக அவற்றை வாங்கியவர்களில் நன்றாகச் சுடக் கற்றவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிவிடுகிறார்கள்.

அந்தப் பயம் உங்களுக்கும் வரும். ரிவால்வரின் உருளையில் நண்பரை விட்டு மூன்று தோட்டாக்களையும் மூன்று வெற்று உறைகளையும் கலந்து போடச் சொல்லுங்கள். வெற்று உறையின்மேல் சுத்தி விழும்போது குழல் நுனி குபுக்கென்று தாழ்ந்தால், நீங்கள் உதையை எதிர்பார்த்துத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். அது நிற்கும்வரை பன்றிக்குப் போகாதீர்கள். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. அதன் வழியாகப் பக்கவாட்டில் பீறிடும் நெருப்புக் காற்று விரலைக் கிழிக்கும். இடது கைக் கட்டைவிரல் அங்கே போகவே கூடாது. காதுக்குக் காப்பு கட்டாயம். திறந்த வெளிதானே என்று விட்டுவிட்டு, ஒரே வேட்டையில் காதில் நிரந்தர ரீங்காரம் வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சிறு ஒலியைப் பெருக்கி, வெடிச் சத்தத்தை மட்டும் அடைக்கும் மின்னணுக் காதுமூடி பன்றி வேட்டைக்கு மிகவும் ஏற்றது. பன்றி நடந்துவருவதும் கேட்கும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன்: தூரம்.

முதல் ஆண்டில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். சுடுதளத்தில் 50 கெஜத்தில் மேசையில் கை ஊன்றிச் சுட்டு, அட்டையில் அழகான கொத்து விழுந்ததைப் பார்த்து எனக்கு அகந்தை வந்துவிட்டது. நவம்பர் மாலை, கருவாலி (ஓக்) மரங்களின் கீழே கொட்டைகளை மென்றுகொண்டிருந்தது ஓர் ஆண்பன்றி. என்னிடமிருந்து சுமார் 45 கெஜம். கையில் 4 அங்குலக் குழல் .357. நெஞ்சு அடித்துக்கொண்டது, நின்றபடியே சுட்டேன். பன்றி ஒரு முறை உறுமியது, உடம்பைக் குலுக்கியது, புதருக்குள் போய்விட்டது. புல்லில் ரத்தம் கொத்தமல்லி விதை அளவுக்குச் சொட்டுச் சொட்டாக, பத்தடிக்கு ஒன்று. ஓர் இடத்தில் ரத்தத்தோடு பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. குடல். பண்ணைக்காரரும் நானும் கைவிளக்கோடு இரண்டரை மணி நேரம் மண்டியிட்டுத் தேடினோம். பின் சுவடு தொலைந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கழுகுகள் வட்டமிட்ட இடத்தில், ஓடையின் சேற்றில் முழங்காலிட்டபடி கிடந்தது. இரவெல்லாம் உயிரோடு இருந்திருக்கும். பண்ணைக்காரர் என்னைத் திட்டவில்லை. துப்பாக்கியை வாங்கித் தன் வண்டியில் வைத்துவிட்டு, பார்வையால் தூரத்தை மதிப்பிடப் பழகு என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவம் முழுவதும் நான் துப்பாக்கி இல்லாமல்தான் அந்தப் பண்ணைக்குள் நடந்தேன்.

அதன்பின் எனக்கு நானே வைத்துக்கொண்ட தேர்வு இது. 6 அங்குல அகலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். ஏறக்குறைய பன்றியின் உயிர்நிலை அளவு அது. வண்டியிலிருந்து தட்டு இருக்கும் இடத்துக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து, மூச்சு வாங்கும்போதே, மேசை இல்லாமல், ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழும் தூரம்தான் உங்கள் தூரம். நான்கு விழுந்தால் போதாது. அந்த ஐந்தாவதுதான் குடலில் படும் குண்டு. தொடக்கத்தில் அது 15 கெஜமாக இருக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் திறந்த குறிகாட்டியில் என் தூரம் 25 கெஜம். மரத்தில் சாய்ந்துகொண்டால் 35. சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி பொருத்தினால் கொஞ்சம் கூடும்.

15 கெஜம் என்றவுடன் முடியாத காரியம்போலத் தோன்றும். முடியும். பன்றிக்குக் கண் சுமார்தான். அசையாமல் நின்றால் உங்களை மரம் என்றே நினைக்கும். காது கூர்மை, ஆனால் கூட்டமாக மேயும்போது அவை போடும் சத்தத்தில் உங்கள் காலடி மறைந்துவிடும். மூக்குதான் அதன் உயிர். மூக்கை ஏமாற்ற வழியே கிடையாது. சோப்பு, மருந்து, மணம் நீக்கும் தெளிப்பான் எதுவும் உதவாது. காற்று பன்றியிடமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். அதைத் தவிர வேறு உபாயமில்லை. நான் ஒரு சிறு புட்டியில் டால்கம் பவுடர் வைத்திருக்கிறேன். நெற்றிக்கு இடும் திருநீறு அளவு காற்றில் தட்டிவிட்டால் அது எந்தப் பக்கம் மிதக்கிறது என்று தெரியும். ஓடைக்கரையில் மாலையில் காற்று திடீரென்று சுழலும். பவுடர் என் முதுகிலிருந்து முன்னே போவதைப் பார்த்த நொடியில் திரும்பிவிடுவேன். அன்றைய வேட்டை முடிந்தது. பன்றி பயந்து ஓடினால் அடுத்த பல நாள்களுக்கு அந்தப் பக்கம் வராது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு விடியலில், மெஸ்கீட் முட்புதர்களுக்கு நடுவே ஒரு கூட்டத்தை நெருங்க எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. கடைசி முப்பது கெஜத்துக்கு மட்டும் அரை மணி. தலையைக் குனிந்து கிளறும்போது ஓர் அடி எடுத்து வைப்பேன். ஒன்று தலை தூக்கினாலும் நின்றுவிடுவேன். ஈர மண்ணும் புளித்த தவிடும் கலந்த வாடை வந்தது. வேரை மூக்கால் அறுக்கும் ஓசை கேட்டது. இளம்பன்றி ஒன்று கூட்டத்திலிருந்து விலகி, பதினெட்டு அடி வைத்தால் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில், என்னைவிட்டுச் சற்றே விலகிய சாய்வில் நின்றது. கைத்துப்பாக்கிக்கு மிக நல்ல நிலை அது. கடைசி விலா எலும்புகளின் வழியாக நுழையும் குண்டு எதிர்த் தோளை நோக்கிப் போகும், தோள்பலகை குறுக்கே வராது. சுட்டேன். நின்ற இடத்திலிருந்து நான்கு பாய்ச்சல், பின் விழுந்தது. இந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் ரைஃபிளை எடுப்பதில்லை. இருநூறு கெஜத்தில் நின்றிருந்தால் அந்த வேர் அறுபடும் ஓசை எனக்குக் கேட்டிருக்காது.

குட்டிகளோடு இருக்கும் தாயைச் சுட எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. விவசாயியின் பார்வையில் முதலில் போக வேண்டியது அந்தத் தாய்தான் என்பதும் தெரியும். அதனால் பண்ணைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவற்றை அவர் பொறி வைத்துப் பார்த்துக்கொள்கிறார். உங்களுக்கும் அப்படி ஏதாவது தயக்கம் இருந்தால் போகும் முன்பே பேசிவிடுங்கள்.

குறி வைக்கும்போது பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். .44 குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகும். மாடு, வேலி, பக்கத்துப் பண்ணை வீடு எல்லாம் புதருக்குப் பின்னால் மறைந்திருக்கும். பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடாதீர்கள். டெக்சாஸில் தனியார் நிலத்தில் இரவிலும் பன்றி சுடலாம். ஆனால் கைத்துப்பாக்கியோடு இரவில் போவதை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுட்டபின் பன்றி புதருக்குள் போய்விட்டால் அரை மணி நேரம் காத்திருங்கள். அடிபடாத பன்றி மனிதனைக் கண்டால் ஓடும். அடிபட்டது, வழி அடைபட்டால் திரும்பிப் பாயும். அதன் கோரைப்பல் உங்கள் முழங்கால் உயரத்தில் வரும், தொடை ரத்தக்குழாயைக் கிழிக்கும். முட்புதருக்குள் பன்றிகள் போட்டிருக்கும் சுரங்கப்பாதையில் தவழ்ந்து போகாதீர்கள். விழுந்து கிடக்கும் பன்றியையும் பின்பக்கமாக நெருங்கி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசைந்தால் இன்னொரு குண்டு.

அறுக்கும்போது ரப்பர் கையுறை போடாமல் தொடாதீர்கள். இந்தப் பன்றிகளில் புரூசெல்லா கிருமி உண்டு. கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், ரத்தத்தின் வழியாக ஏறி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் படுத்தும். உறைபெட்டியில் வைப்பதால் அது சாகாது. உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் ஆகும்வரை வேகவைத்த இறைச்சியைத்தான் சாப்பிட வேண்டும். முப்பது கிலோ இளம்பன்றி என்றால், கொழுப்பு குறைந்த, இறுகிய, நல்ல கறி. சின்ன வெங்காயமும் மிளகும் தாராளமாகப் போட்டு, குக்கரில் கூடுதலாக நாலு விசில் விட்டு, பின் சுருள வதக்கினால் கடைப் பன்றிக்கறி அதன் பக்கத்தில் நிற்காது. கிழட்டு ஆண்பன்றியின் கறியில் வீச்சம் இருக்கும். எந்த மசாலாவுக்கும் மசியாது.

நண்பருக்கு உதவியாக இருக்கும் என்று நீங்கள் எழுதியிருந்ததால் கடைசியாக இது. துப்பாக்கியால் பன்றிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. பெருகாமல் நிறுத்தவே ஆண்டுக்கு ஏறக்குறைய 70 சதவீதத்தை அகற்ற வேண்டும் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நாம் சுடுவது ஒன்றிரண்டு. மிச்சமுள்ள கூட்டம் சிதறி, இரவாடியாகி, அடுத்த பண்ணைக்குப் போகும். டென்னசி மாநிலம் 1999இல் மாநிலமெங்கும் பன்றி வேட்டையைத் திறந்துவிட்டது. வேட்டைக்காகவே ஆள்கள் பன்றிகளைப் பிடித்துவந்து புதிய இடங்களில் விட, அவை மேலும் பரவின. 2011இல் அந்தக் கொள்கையையே மாற்ற வேண்டியதாயிற்று. முழுக் கூட்டத்தையும் ஒரே இரவில் அடைக்கும் பெரிய பட்டிப் பொறிதான் விவசாயிக்கு உண்மையான உதவி. வாரக்கணக்கில் சோளம் போட்டு, கூட்டத்தைப் பழக்கி, கதவை விழவைக்கும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே உங்கள் நண்பரிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேசும் முன், பண்ணையில் எங்கேயாவது பொறிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால், அந்தப் பொறி விழும்வரை சோள மூட்டை சுமக்கப் போங்கள். அதற்குள் உங்கள் உரிமமும் வந்துவிடும்.